மீன்குஞ்சு வாங்குமுன் மீனை அறிவோம்

நெல் விதைக்கின்ற உழவர் விதையைக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாற்றங்காலில் தெளிப்பதில்லை. சம்பா விதையோடு குறுவை விதை கலந்திருந்தால் ஒன்று முற்றி உதிரும்போது மற்றொன்று பச்சையாக நிற்கும் என்பதை அவர் அறிவார். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியை எண்ணுகிறார். ஆனால் பஞ்சாயத்துக் குளத்தில் விடுவதற்காக ஆயிரக்கணக்கில் மீன்குஞ்சு வாங்கும்போது மட்டும் நாம் எதையும் பார்ப்பதில்லை. பை வந்து இறங்குகிறது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே நம்பிக் குளத்தில் கொட்டிவிடுகிறோம். எட்டு மாதம் கழித்து வலை இழுக்கும்போதுதான் உண்மை கரைக்கு வருகிறது.

இந்தக் குறையை நான் பிறர்மேல் வைத்துச் சொல்லவில்லை. என் அனுபவத்தையே முதலில் கூறிவிடுகிறேன்.

ஒரு குளத்தின் கதை

2014ஆம் ஆண்டு கார்த்திகையில், நான் அப்போது பணியாற்றிய பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், இளைஞர் பன்னிருவர் ஒன்று சேர்ந்து ஊர்க் குளத்தின் மீன்பாசி குத்தகையை எடுத்தனர். ஐந்து ஏக்கர் நீர்ப்பரப்பு. மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்திருந்த காலம். கட்லா 4,000, ரோகு 3,000, மிர்கால் 3,000 என்று கணக்கிட்டுப் பத்தாயிரம் குஞ்சுகளுக்குப் பணம் கட்டினார்கள். அவர்களில் சிலர் வீட்டு நகையை அடகு வைத்துத்தான் தம் பங்கைக் கொடுத்தனர். குஞ்சுகள் வந்த நாளில் நானும் கரையில் நின்றேன். பைகளைத் திறந்து விட்டார்கள். வெள்ளி ஊசிகள்போல மின்னிக்கொண்டு குஞ்சுகள் நீரில் மறைந்தன. ரசீதின் கீழே சாட்சியாக நான் கையொப்பமிட்டேன்.

மறு ஆண்டு ஆனியில் நீர் வற்றியதும் வலை இறங்கியது. முதல் வளைப்பில் வந்த மீன்களில் நூறைத் தனியே எடுத்து எண்ணினோம். கட்லா 7, ரோகு 11, மிர்கால் 46, சாதாக்கெண்டை 9, மீதி 27-உம் உள்ளங்கையளவு ஜிலேபிக்கெண்டை. வேகமாக எடை கூடி, நல்ல விலைக்குப் போக வேண்டிய கட்லா நூற்றுக்கு ஏழுதான். அடுத்தடுத்த வளைப்புகளிலும் நிலைமை மாறவில்லை. குத்தகைப் பணத்தைக் கட்டிய பிறகு அந்த இளைஞர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடகு நகைகளில் இரண்டு மூழ்கிப் போயின.

வலை இழுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, குஞ்சு வந்த அன்று தாங்கள் இங்கேதானே நின்றீர்கள்? வாயைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே!"

நான் பட்டம் பெற்றவன். பத்தாயிரம் குஞ்சுகளுக்குச் சாட்சிக் கையொப்பம் இட்டவன். ஆயினும் கட்லாவுக்கும் மிர்காலுக்கும் வாய் வேறு என்பது எனக்குத் தெரியாது. அன்று அந்தப் பெரியவரிடமும், பின்னர் மீன்வளத்துறை அலுவலர்களிடமும் கற்றுக்கொண்டதையே இப்பாடமாக எழுதுகிறேன்.

வாயைப் பார்ப்பது ஏன்?

குளத்து நீரை மூன்று அடுக்காக எண்ணிக்கொள்ள வேண்டும். மேலடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகளும் சிற்றுயிர்களும் மிதக்கின்றன. நடு அடுக்கில் மிதக்கும் உணவோடு, மூழ்கிய செடிகளில் படிந்த பாசியும் மட்கும் இலைதழைகளும் உண்டு. அடி அடுக்கில் சேறும், அதில் வாழும் புழுக்களும், அழுகிய பொருள்களும் இருக்கின்றன. கூட்டு மீன் வளர்ப்பு என்பது இந்த மூன்று அடுக்கின் உணவையும் வீணாக்காமல், ஒன்றோடொன்று போட்டியிடாத மீன்களைச் சேர்த்து வளர்ப்பதே. மூன்று மகன்கள் உள்ள வீட்டில் ஒருவன் உழ, ஒருவன் நீர் பாய்ச்ச, ஒருவன் மாடு பார்ப்பதைப் போன்றது இது. மூவரும் ஒரே ஏரைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேளாண்மை எப்படியோ, அப்படியே ஒரே அடுக்கில் மேயும் மீன்கள் மட்டும் பெருகிய குளமும்.

எந்த மீன் எந்த அடுக்கில் மேயும் என்பதை அதன் வாயே சொல்லிவிடும். மேலே மிதப்பதை உண்ணும் மீனுக்கு வாய் மேல்நோக்கியிருக்கும். அடியில் மேய்வதற்கு வாய் கீழ்நோக்கியிருக்கும். ஆகவே வாய் என்பது மீனின் பெயரை அறிய உதவும் அடையாளம் மட்டுமன்று. அந்த மீன் நம் குளத்தில் என்ன வேலை செய்யும் என்பதற்கான சீட்டும் அதுவே.

நிறத்தை முதல் அடையாளமாகக் கொள்ளலாகாது. கலங்கிய நீரில் வளர்ந்த மீன் வெளிறியும், தெளிந்த பாசிநீரில் வளர்ந்த அதே மீன் கறுத்தும் இருக்கும். பையில் அடைபட்டு நெடுவழி வந்த குஞ்சு நிறம் மங்கித்தான் இருக்கும். வாய், மீசை, செதில், துடுப்பு, வயிற்று விளிம்பு ஆகிய ஐந்தும் அவ்வாறு மாறுவதில்லை. இந்த ஐந்தையும் வரிசையாகப் பார்க்கப் பழகினால் போதும்.

மேல்நோக்கிய வாய்: கட்லாவும் வெள்ளிக்கெண்டையும்

நம் குளங்களில் பெரிதும் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்குரிய பெருங்கெண்டைகள். இவற்றுள் கட்லாவே விரைந்து வளர்வது. சில ஊர்களில் இதைத் தோப்பா மீன் என்பர்.

கட்லாவின் தலை உடலுக்குப் பொருந்தாத அளவு பெரியது. முழு மீனில் மட்டுமின்றி விரலளவுக் குஞ்சிலும் இதைக் காணலாம். வாய் அகன்று மேல்நோக்கியிருக்கும், கீழுதடு தடித்திருக்கும். மீசை கிடையாது. உடல் உயர்ந்து, முதுகு வளைந்திருக்கும். முதுகுத் துடுப்பு அகன்று பெரியதாயிருக்கும். செதில்கள் பெரியவை, உடலின் நடுவே தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டின்மேல் எண்ணினால் நாற்பதும் அதற்குச் சற்று மேலுமாக இருக்கும்.

வெள்ளிக்கெண்டை நம் நாட்டு மீன் அன்று. சீன நாட்டுக் கெண்டையாகிய இது 1959ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதற்கும் வாய் மேல்நோக்கியிருக்கும். இதற்கும் மீசை இல்லை. இதுவும் மேலடுக்கிலேயே மேயும். ஆகையால் குஞ்சுப் பருவத்தில் கட்லா என்று சொல்லி இதைக் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் மூன்று அடையாளங்கள் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலாவது, செதில். வெள்ளிக்கெண்டையின் செதில் மிக நுண்ணியது. பக்கக்கோட்டில் நூற்றுக்கு மேல் இருக்கும். கட்லாவின் செதிலைத் தனித்தனியே காணலாம்; வெள்ளிக்கெண்டையின் உடலோ ஈயத் தகட்டை இழைத்ததுபோல வழவழப்பாகத் தோன்றும்.

இரண்டாவது, வயிறு. மீனைத் திருப்பி வயிற்றின் நடுவே விரலை ஓட்டிப் பாருங்கள். கட்லாவின் வயிறு உருண்டிருக்கும். வெள்ளிக்கெண்டையின் வயிற்றிலோ தொண்டையிலிருந்து மலவாய் வரையில் படகின் அடிமரம்போல ஒரு கூர்விளிம்பு ஓடும்.

மூன்றாவது, கண். வெள்ளிக்கெண்டையின் கண் தலையில் மிகத் தாழ்ந்து, வாயின் மட்டத்துக்குக் கீழே இறங்கியதுபோல இருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியமானது? இரண்டும் ஒரே அடுக்கில் மேய்கின்றன. கட்லா சிற்றுயிர்களையும், வெள்ளிக்கெண்டை நுண்பாசியையும் மிகுதியாக உண்பன என்றாலும், நெருக்கம் மிகும்போது கட்லாவின் வளர்ச்சி தடைப்படுகிறது. இமாசலப் பிரதேசத்தில் பக்ரா அணைக்குப் பின்னுள்ள கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில் 1971ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது ஒரு மீன்பண்ணையிலிருந்த வெள்ளிக்கெண்டை தவறிப் புகுந்தது. சில ஆண்டுகளில் அது அங்கே பெருகி முதன்மை மீனாயிற்று. கட்லாவின் பங்கு வீழ்ந்தது. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்திலேயே இது நடந்ததென்றால் ஐந்து ஏக்கர் குளம் எம்மாத்திரம்? வெள்ளிக்கெண்டையை வளர்க்கக் கூடாது என்பதன்று இதன் பொருள். அதை வளர்ப்பதானால் கட்லாவின் எண்ணிக்கையைக் குறைத்துத் திட்டமிட்டு வளர்க்க வேண்டும். தெரியாமல் வளர்க்கக் கூடாது.

இந்த வரிசையில் மூன்றாவது மீன் ஒன்றும் உண்டு. பெருந்தலைக்கெண்டை என்று பெயர். இதுவும் சீனக் கெண்டையே. ஆனால் அரசின் அனுமதியின்றி நம் நாட்டில் புகுந்தது. பெரிய தலையும் மேல்நோக்கிய வாயும் இருப்பதால் இதைக் கட்லா என்று எண்ணி ஏமாறுவோர் பலர். செதிலையே பாருங்கள்: வெள்ளிக்கெண்டையைப் போலவே நுண்ணிய செதில். வயிற்றுக் கூர்விளிம்பு தொண்டையில் தொடங்காமல், வயிற்றுத் துடுப்பிலிருந்து மலவாய் வரை மட்டுமே இருக்கும். உடலில் கரிய திட்டுகள் சிதறியிருக்கும். சுருங்கச் சொன்னால், பெருந்தலையும் பெருஞ்செதிலும் சேர்ந்திருந்தால் கட்லா. பெருந்தலையும் நுண்செதிலும் சேர்ந்திருந்தால் அது கட்லா அன்று.

கீழ்நோக்கிய வாய்: ரோகுவும் மிர்காலும்

பெரும்பாலும் தவறு நிகழும் இடம் இதுவே. விரலளவில் ரோகுவும் மிர்காலும் அண்ணன் தம்பிபோலத் தோன்றும். இரண்டும் வெள்ளி நிறம். இரண்டுக்கும் செதில் ஏறக்குறைய ஒரே அளவு. முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணினாலும் எண்ணிக்கை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே கட்லாவுக்கு உதவிய செதில் கணக்கு இங்கே உதவாது. ஓர் அடையாளம் ஓரிடத்தில் பயன்பட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் பயன்படும் என்று கொள்ளலாகாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

மீண்டும் வாயையே பார்ப்போம். ரோகுவின் தலை சிறியது. மூக்கு மழுங்கி, வாயைக் கடந்து சற்றே முன்நீண்டிருக்கும். வாய் சிறிதாகக் கீழ்நோக்கியிருக்கும். உதடுகள் தடித்தவை, அவற்றின் ஓரம் துணியின் விளிம்பில் நூல் பிரிந்ததுபோலக் கொசுவங்களாயிருக்கும். இந்தக் கொசுவ உதடே ரோகுவின் முத்திரை. செடிகளிலும் கற்களிலும் படிந்த பாசியைச் சுரண்டி உண்பதற்கு இயற்கை கொடுத்த கருவி இது. சிறிய மீசை ஒரு ஜோடி உண்டு; ஆனால் அது வாயோரத்து மடிப்பில் ஒளிந்திருப்பதால் தேடினால்தான் தெரியும். வளர்ந்த ரோகுவின் துடுப்புகளில் செம்மை ஓடும்.

மிர்காலின் வாய் அகன்று, குறுக்காக வெட்டியதுபோல இருக்கும். உதடு மெல்லியது, கொசுவம் இல்லை, கீழுதடு இருப்பதே புலப்படாது. மூக்கின் பக்கம் சிறு மீசை ஒரு ஜோடி தெரியும். ரோகுவைவிட உடல் ஒடுங்கி நீண்டிருக்கும். வால் துடுப்பு ஆழமாகப் பிளந்து, இரு கிளைகளும் கூராக இருக்கும். இளங்குஞ்சாக இருக்கும்போது மிர்காலின் வாலடியில் ஒரு கரும்புள்ளி தெளிவாகத் தெரியும். கட்லாக் குஞ்சில் அது இராது. ஆனால் வளர வளர அது மங்கிவிடுமாதலால் புள்ளியை மட்டுமே நம்புதல் வேண்டா.

மிர்கால் அடியில் மேய்வது. சேற்றிலுள்ள மட்கிய பொருளை உண்பது. அதனால் குளத்துக்கு நன்மையே. எனினும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் உரிய இடத்தை அதுவே நிரப்பிக்கொண்டால் அடியடுக்கில் நெருக்கமும் மேலடுக்கில் வெறுமையும் உண்டாகும். மேலே கூறிய குளத்தில் நேர்ந்தது இதுதான். மிர்கால் கெட்ட மீன் அன்று. கட்லாவின் இடத்தில் வந்த மிர்காலே கேடு.

சாதாக்கெண்டையும் புல்கெண்டையும்

சாதாக்கெண்டைக்குத் தமிழ்நாட்டோடு பழைய தொடர்பு உண்டு. 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது இதன் கண்ணாடிக்கெண்டை வகை. உடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள் மின்னுவதால் அப்பெயர் பெற்றது. வெப்பமான சமவெளிக்கு ஏற்ற, உடல் முழுதும் செதிலுள்ள வகை 1957ஆம் ஆண்டு பாங்காக்கிலிருந்து வந்தது.

இதை அறிவது மிக எளிது. வாயருகே மீசை இரண்டு ஜோடி. நம் பெருங்கெண்டைகள் எதற்கும் இவ்வளவு தெளிவான இரண்டு ஜோடி மீசை இல்லை. முதுகுத் துடுப்பு உடலின் பாதி நீளத்துக்குத் தாழ்ந்து நீண்டு கிடக்கும். அதன் முன்னே வாள்பற்களைப்போல அரம் உள்ள ஒரு தடித்த முள் இருக்கும். மலவாய்த் துடுப்பின் முன்னும் அவ்வாறே. வாய் குழாய்போல முன்நீண்டு மண்ணைக் கிளறும்.

சாதாக்கெண்டை அரசு அனுமதித்த மீனே. ஆயினும் இரண்டு செய்திகளை அறிந்தே அதை விட வேண்டும். ஒன்று, அதுவும் மிர்காலும் அடியடுக்கில் போட்டியிடும். மற்றொன்று, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய குளத்தில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. சாதாக்கெண்டையோ நீர்ச்செடிகளில் முட்டையை ஒட்டிக் குளத்திலேயே பெருகும். கரையோர மண்ணைக் கிளறும் பழக்கமும் அதற்கு உண்டு. மண்கரை வலுவற்ற குளத்தில் இதைக் கருத வேண்டும்.

புல்கெண்டையும் 1959ஆம் ஆண்டு வந்த சீனக் கெண்டை. தூரப்பார்வைக்கு மிர்கால்போலத் தோன்றும் நீண்ட, உருண்ட உடல். ஆனால் மீசையே இல்லை. முதுகுத் துடுப்பு குட்டையானது. தலை மேற்புறம் அகன்றிருக்கும். பெரிய செதில்கள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கருமை படர்ந்து உடல்மேல் வலை போர்த்ததுபோல இருக்கும். நீர்ச்செடி மண்டிய குளத்துக்கு இது நல்ல துணை. வளரும் பருவத்தில் நாளொன்றுக்குத் தன் எடைக்கு நிகரான செடிகொடியைத் தின்னக் கூடியது. செடியே இல்லாத குளத்தில் இதை விட்டுவிட்டுப் புல் போடாதிருப்பது, மாட்டைக் கட்டிப்போட்டுப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

விருந்தில் புகும் அழையாதவர்கள்

குஞ்சுப் பையில் கலந்துவரும் வேறு மீன்களில் முதன்மையானது ஜிலேபிக்கெண்டை. 1952ஆம் ஆண்டு நம் நாட்டுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் இன்று இல்லாத குளமே இல்லை எனலாம். முதுகுத் துடுப்பின் முன்பகுதி முழுவதும் கூரிய முட்கள் வரிசையாக நிற்கும், கையில் குத்தும். கெண்டைகளில் ஒரே கோடாக ஓடும் பக்கக்கோடு இதில் இரண்டு துண்டாக அறுபட்டிருக்கும். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். சில மாதங்களிலேயே மீண்டும் ஈனும். நூறு குஞ்சில் இரண்டு வந்தாலும் அறுவடையின்போது குளம் முழுதும் சிறுமீனாக நிறைந்துவிடும்.

இரண்டாவது, செதில் இல்லாத மீன்கள். கெண்டைக் குஞ்சு என்று வாங்கிய பையில் செதில் இல்லாத, நான்கு ஜோடி மீசையுள்ள குஞ்சு ஒன்றே ஒன்று காணப்பட்டாலும் நிறுத்திவிடுங்கள். அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கக் கூடும். அந்த மீனை அழிக்குமாறு 1997ஆம் ஆண்டே மத்திய அரசு ஆணையிட்டது. 2019ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதன் வளர்ப்புக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. சிறுமீன்களை விழுங்கி, காற்றையும் சுவாசித்து, ஈர நிலத்தில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குச் செல்ல வல்லது அது. நாட்டுக் கெளுத்திக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் துறை அலுவலரே உறுதிசெய்ய வேண்டும். ஆனால் கெண்டைப் பையில் இவ்விரண்டுக்குமே இடமில்லை என்பதை அறிய எந்த நிபுணரும் தேவையில்லை.

மூன்றாவது, கலப்பினக் குஞ்சு. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி அவர்கள் ஊசி மருந்தின் மூலம் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அந்த நாளையே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்குமுன் ஆற்றில் பிடித்த கலப்புக் குஞ்சுகளையே நம்பியிருந்த நிலை மாறி, இன்ன மீனின் குஞ்சு என்று பிரித்துப் பெற வழி பிறந்தது. ஆனால் ஒரே தொட்டியில் பல இனத் தாய்மீன்களைச் சேர்த்து முட்டையிடச் செய்தால் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இடைப்பட்ட கலப்பினம் உண்டாகும். தலை பெரியதாகவும் உதட்டில் சிறிது கொசுவத்தோடும் இரண்டுங்கெட்டானாக ஒரு குஞ்சு தோன்றினால் கலப்பு என்று ஐயுறலாம்.

கரையில் செய்ய வேண்டுவன

முட்டையிலிருந்து வெளிவந்த சில நாட்களான நுண்குஞ்சு நெல்லளவே இருக்கும். அதில் எந்த இனம் என்பதை வெறுங்கண்ணால் அறிய முடியாது. ஆகவே பஞ்சாயத்துக் குளங்களுக்கு விரலளவுக் குஞ்சுகளையே வாங்குதல் நன்று. விலை கூடுதல்தான், ஆனால் பிழைப்பதும் கூடுதல், பிரித்தறிவதும் எளிது. கீழ்வரும் முறையைக் கைக்கொள்ளலாம்.

1. குஞ்சுகளை இனவாரியாகத் தனித்தனிப் பைகளில் தருமாறு முன்னரே எழுத்தில் கேளுங்கள். எல்லாம் கலந்த பையை ஏற்காதீர்கள்.

2. பைகள் வந்ததும் திறக்காமல் கால்மணி முதல் இருபது நிமிடம் வரை குளத்து நீரில் மிதக்க விடுங்கள். பையின் வெப்பமும் குளத்தின் வெப்பமும் சமமாகும். சோதனைக்கும் அதுவே நேரம்.

3. ஒவ்வோர் இனத்திலும் ஒரு பையைத் தேர்ந்து, அதிலிருந்து நூறு குஞ்சுகளை நீர் நிறைந்த வெள்ளைப் பேசினில் விடுங்கள். எந்தப் பை என்பதை விற்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. சில குஞ்சுகளைக் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். வாய் மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா? மீசை உண்டா, எத்தனை ஜோடி? செதில் பெரிதா, நுண்ணியதா? முதுகுத் துடுப்பு நீண்டதா, குட்டையா? பிறகு ஈரக்கையால் எடுத்து வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த கையால் தொடுதல் ஆகாது. உடலின் வழவழப்பு போய்க் குஞ்சு நோயுறும்.

5. நூற்றில் எத்தனை உரிய இனம், எத்தனை பிற இனம் என்பதை எண்ணிக் குறித்து, விற்பவரின் கையொப்பமும் பெற்றுப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள்.

6. ஐயம் இருந்தால் குளத்தில் விடாதீர்கள். பையைத் திருப்பி அனுப்பினால் ஒருநாள் தாமதம். குளத்தில் விட்டால் ஓராண்டு நட்டம்.

ஊரில் வலை இழுத்துப் பழகிய பெரியவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கரைக்கு அழைத்து வாருங்கள். நூல் சொல்லும் அடையாளத்தை அவர் விரல் ஒரு நொடியில் சொல்லிவிடும். பள்ளிப் பிள்ளைகளையும் நிற்கச் செய்யுங்கள். அவர்கள் கண் கூர்மையானது, கற்பதும் விரைவு.

நினைவுக்கு ஒரு சுருக்கம்

பெருந்தலை, மேல்வாய், பெருஞ்செதில், மீசையில்லை: கட்லா.

மேல்வாய், நுண்செதில், தொண்டையிலிருந்தே வயிற்றில் கூர்விளிம்பு: வெள்ளிக்கெண்டை.

பெருந்தலை, நுண்செதில், பாதி வயிற்றில் மட்டும் கூர்விளிம்பு: பெருந்தலைக்கெண்டை, வேண்டா.

சிறுதலை, கீழ்வாய், கொசுவ உதடு: ரோகு.

அகன்ற வாய், மெல்லுதடு, ஒடுங்கிய உடல், ஆழப் பிளந்த வால்: மிர்கால்.

இரண்டு ஜோடி மீசை, நீண்ட முதுகுத் துடுப்பு, அரமுள்: சாதாக்கெண்டை.

மீசையில்லை, உருண்ட உடல், குட்டை முதுகுத் துடுப்பு, கரும்விளிம்புச் செதில்: புல்கெண்டை.

முதுகில் முள்வரிசை, அறுபட்ட பக்கக்கோடு: ஜிலேபிக்கெண்டை, வேண்டா.

செதிலில்லை, நான்கு ஜோடி மீசை: கெண்டையே அன்று, நிறுத்துக.

முடிவாக

மேற்சொன்ன சிற்றூரின் இளைஞர்கள் நட்டத்தோடு ஒதுங்கிவிடவில்லை. பன்னிருவரில் நால்வர் விலகினர். எண்மர் மறு ஆண்டும் குத்தகை எடுத்தனர். முதலில் குளத்தை முழுதும் வற்றவைத்து ஜிலேபிக்கெண்டையை அகற்றினர். குஞ்சு வந்த நாளில் வலைக்காரப் பெரியவர் கரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். முன்னே வெள்ளைப் பேசின். பக்கத்தில் நானும் ஒரு மாணவனாக அமர்ந்தேன். பன்னிரண்டு பைகளில் இரண்டில் கட்லாவுக்குப் பதிலாக நுண்செதில் குஞ்சுகள் இருந்தன. விற்பவர் முதலில் மறுத்தார். வயிற்றுக் கூர்விளிம்பைத் தொட்டுக் காட்டியதும் ஒன்றும் பேசாமல் அந்த இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அந்த ஆண்டு அடகு நகைகள் வீடு திரும்பின. முதல் ஆண்டு மூழ்கிப்போன இரண்டைத் தவிர.

அந்த இரண்டு நகைகளின் நினைவு என்னை விட்டு நீங்கவில்லை. நான் அன்று இட்ட கையொப்பத்தின் விலை அது. பஞ்சாயத்து உறுப்பினர்களே, குளம் உங்களுடையது. அதில் விடப்படும் குஞ்சு ஊராருடைய பணம். அடுத்த மழைக்குக் குளம் நிறையும்போது, கையொப்பம் இடுவதற்குமுன் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் வாயைப் பாருங்கள்.